ஜன்னலோரச் சீட்டில் போட்ட துண்டு

விமானத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துச் சண்டை போட்ட ஒரு பொம்பளையை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருந்தால், அது நான்தான். பின் சீட்டில் இருந்த யாரோ எடுத்த வீடியோ. நான் கத்துவது அதில் நன்றாகக் கேட்கிறது. எதற்குக் கத்தினேன் என்பதுதான் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்து முடித்திருப்பார்கள். இப்போது நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். கடப்பாக்கத்தில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வண்டி. நான் அதே சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. கொஞ்சல் என்றாலும் டீச்சர், சண்டை என்றாலும் டீச்சர்தான். "வூட்ல டீச்சரு, ரோட்ல டிரைவரு. நம்ப பொண்ணு எங்க போய்த் தப்பிக்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஸ்டாஃப் பஸ்ஸில் சீட்டுக்கு நம்பர் கிடையாது. ஆனால் யாருக்கு எந்த இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கி வருகிறவர்கள். அவர்களில் யாராவது இறந்துபோனால், காரியம் முடிகிற வரைக்கும் அவருடைய சீட்டில் ஒரு துண்டு விரித்துக் கிடக்கும். கூட்டத்தில் நசுங்கி நிற்கிறவர்கூட அதில் உட்கார மாட்டார். யார் ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. துண்டு பெரும்பாலும் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்ததாக இருக்கும். ஒருமுறை புதிதாக மாற்றலில் வந்த ஒருவர், காலியாகத்தானே இருக்கிறது என்று அப்படி ஒரு சீட்டில் உட்காரப் போனாராம். இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். "சார், அங்க ஆளு கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் கல்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தார்.

மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றி வர டிக்கெட் தருவார்கள். எல்.டி.சி. என்பார்கள். கல்பாக்கத்தில் பாதிப் பேர் அதில் அந்தமான் போய்விட்டு வந்தவர்கள். இவர் மட்டும் வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஒருநாள் அவராகவே போகலாம் என்றார். தீவு பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. நம் சாலைக்கு மேலே பகலெல்லாம் விமானம் போகிறது. வண்டி ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்த மனிதர். "நம்ப ரோட்ட ஒரு தபா மேலருந்து பாக்கணும், டீச்சர். பாலத்தாண்ட எப்டி வளையுதுன்னு பாக்கணும்" என்றார்.

மகளையும் சேர்த்து மூன்று பேர் போனோம். போகும்போது அவருக்குத்தான் ஜன்னலோரம். ஏறின கையோடு எழுந்து என்னை அங்கே தள்ளிவிட்டார். "நீ பாரு. வரும்போது எனுக்கு." எனக்கு உயரம் என்றால் பயம். நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். என்னமோ அதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

போர்ட் பிளேரில் லாட்ஜ் அறையில், காலையில் வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடு, டீச்சர்" என்றார். நான் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். உடம்பை ஊருக்குக் கொண்டுவர அங்கே கையெழுத்து, இங்கே கையெழுத்து என்று இழுத்தடிக்கும் என்றார்கள். அங்கிருந்த தமிழ்க்காரர்கள் நல்லவர்கள். முன் நின்று எல்லாவற்றையும் செய்தார்கள். சாம்பலையும் அங்கேயே கரைத்தோம். நம் கரையில் வந்து அடிக்கிறதும் அதே கடல்தானே என்று என் மகள் சொன்னாள்.

என் கையில் மிஞ்சியது அவர் தோளில் கிடந்த துண்டு. வெள்ளைத் துண்டு, ஓரத்தில் ஊதா பார்டர், ஒரு முனையில் என்ன துவைத்தாலும் போகாத கிரீஸ். தேங்காயெண்ணெயும் டீசலும் வியர்வையும் கலந்த அவருடைய வாசனை. பெட்டியில் இருந்த மற்ற துணியெல்லாம் ஊரிலிருந்து துவைத்து மடித்து எடுத்துப் போனவை. வாசனை இதில் மட்டும்தான் இருந்தது.

திரும்பி வருகிற அன்று விமான நிலையத்தில், அப்பா வரவில்லை என்று என் மகள் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைக் காட்டிச் சொன்னாள். கவுன்டரில் இருந்த பெண் ரொம்பவும் வருத்தப்பட்டாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். என்ன தட்டுகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நடைபாதை ஓரம் மகள், நடுவில் நான், ஜன்னலோரம் அவர் சீட்டு. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேருக்குத் துண்டு போட்டவர். அவருக்கு யார் போடுவார்கள்? டிரைவர் சீட்டில் துண்டு போட முடியாது, வண்டி ஓட வேண்டுமே. எனக்கு அப்படித்தான் தோன்றியது. துண்டை எடுத்து, சுருக்கம் நீவி, அந்தச் சீட்டில் விரித்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஏறி முடித்த பிறகு ஒருவர் அவசரமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல உடுப்பு, மூக்குக் கண்ணாடி. "கொஞ்சம் வழி விடுங்க, அந்த விண்டோ சீட் என்னுது" என்றார்.

"ஆளு கீது" என்றேன்.

அவர் போர்டிங் பாஸைக் காட்டினார். அந்த நம்பர்தான் போட்டிருந்தது. கவுன்டர் பெண் தட்டியது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"யாரும்மா இருக்காங்க? எங்க?"

பள்ளிக்கூடத்தில் என் வாய்க்குப் பயந்து ஹெட்மாஸ்டரே ஒதுங்கிப் போவார். அந்த வாயில் அந்த ஒரு சொல் வர மறுத்துவிட்டது. அதுவரைக்கும் யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஃபோனில்கூட மகள்தான் எல்லோருக்கும் சொன்னாள். நான் திரும்பவும் "ஆளு கீது" என்றேன்.

"துண்டு போட்டு இடம் பிடிக்க இது பஸ் இல்லம்மா" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் எங்களைத் தாண்டிக் குனிந்து, துண்டை இரண்டு விரலால் தூக்கி, பின்னாலேயே வந்த பணிப்பெண்ணிடம் கொடுத்தார். அவள் பாவம், ஏதோ விட்டுப்போன அழுக்குத்துணி என்று நினைத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

நான் எழுந்து அவர் கையைத் தட்டினேன். என் கை அவர் முகத்தில் பட்டுக் கண்ணாடி விழுந்தது. விழுந்ததன் மேல் அவரே மிதித்துவிட்டார். வீடியோ இங்கேதான் தொடங்குகிறது. "குட்றா அத! அங்க ஆளு கீதுடா!" என்று நான் கத்துகிறேன், என் மகள் "உடும்மா, உடும்மா" என்று என் இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள், அந்த மனிதர் அடித்துவிட்டாள் அடித்துவிட்டாள் என்று எல்லோரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பணிப்பெண்ணின் கையில் ஒரு மூலையில் துண்டும் தெரிகிறது.

மகள் அழுதுகொண்டே அந்தப் பெண்ணின் காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவள் முகம் மாறிவிட்டது. கடைசி வரிசையில் இடம் தருகிறேன், வாங்க ஆன்ட்டி என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது, நான் எதற்குப் போக வேண்டும்? துண்டைக் கேட்டேன். பின்னால் வைத்திருக்கிறேன், இறங்கும்போது தருகிறேன் என்றாள்.

அந்த மனிதர் எங்களைத் தாண்டிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கினார். கடல் முழுக்கத் தூங்கினார். எப்படித் தூக்கம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இறங்குகிற நேரத்தில் திரையைத் திறக்கச் சொல்லி எழுப்பினார்கள். திறந்தார். அவர் மூக்குக்கும் மோவாய்க்கும் அந்தப் பக்கம் கடல் தெரிந்தது, பிறகு கரை, அதை ஒட்டி நூல் மாதிரி ஒரு சாலை. எது எங்கள் ஊர் என்று தேடுவதற்குள் சென்னைக்குக் கிட்ட இருக்கிற முட்டுக்காட்டுத் தண்ணீர் பளபளவென்று வந்து போய்விட்டது. பாலாறு எப்போது தாண்டியது, பாலத்தாண்டை சாலை எப்படி வளைகிறது, ஒன்றும் பார்க்கவில்லை. அந்த ஆளின் முகம் குறுக்கே இருந்தது.

இறங்கியதும் துண்டு இல்லை. குப்பைப் பையோடு போய்விட்டது. அந்தப் பெண் கண் கலங்க நின்றாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

போலீஸுக்குப் போனோம், அந்த மனிதர்தான் அழைத்துப் போனார். நான் அடித்ததாக அவர் புகார், துண்டைப் பிடுங்கியதாக என் புகார். அங்கிருந்த சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "ரெண்டு பேரும் புகார் வாணாம்னு எழுதிக் குட்த்துட்டுப் போயிகினே இருங்க. அவருக்கும் கண்ணாடி போச்சு, ஒங்களுக்கும் துண்டு போச்சு" என்றார். அங்கேதான் அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்தது. "சாரிம்மா. எனக்குத் தெரியாது. ஆனா சீட் எனக்குக் குடுத்ததுதானே?" என்றார். உண்மைதான். அவர் ஒன்றும் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால், துக்கம் கேட்க வந்தவர்கள் பாதிப் பேர் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் நாத்தனார் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் கேட்டது வேறு. "அண்ணி, அண்ணன் கடசியா மேல போட்டுகினு இருந்தது எதுனா கீதா? காரியத்துக்குப் படையல்ல வெக்கணும். மூஞ்சியத்தான் பாக்கல, அதையாவது பாக்கறோம்." அங்கேயே எரித்துவிட்டு வந்துவிட்டோம், இங்கே இருப்பவர்களுக்குப் பார்க்க எதுவுமே இல்லை. சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தருகே கொண்டுபோனாள். "சோப்பு வாசனதான் வருது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கே துண்டைத் தேட ஆரம்பித்தேன். தவறவிட்ட பொருள்களுக்கு என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே ஃபோன் போட்டால், என்ன கலர் பை என்று கேட்கிறார்கள். பை இல்லை, துண்டு என்றால், டவலா என்கிறார்கள். மகளை உட்காரவைத்து விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த பயணத்துக்குச் சலுகை தருகிறார்களாம். அடுத்த பயணமாம்! மகள் படித்துக் காட்டும்போதே நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

துண்டு போனதுகூடப் பெரிதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. கண்ணை மூடி என் வீட்டுக்காரரை நினைத்தால், முதலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்க்கிற மாதிரிதான் நினைக்கத் தோன்றும். அப்படித்தானே அவர் வந்திருக்க வேண்டும். நினைக்கிறேன். ஜன்னல் வருகிறது, வெளிச்சம் வருகிறது. திரும்பினால் அந்த ஆளின் முகம். கண்ணாடி இல்லாத முகம், மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடத்தோடு. சோறு பிசையும்போது வருகிறது. பல் தேய்க்கும்போது வருகிறது. சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும், படம் போய் அந்த ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரின் முகத்தை, ஒரு பிரயாண நேரம் பக்கத்தில் தூங்கிய ஆள் அழித்துவிட்டுப் போய்விடுவானா? மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

காரியத்துக்கு முன்னால் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனேன். துக்க வீட்டுப் பொம்பளை பஸ் ஏறிப் போகிறாளே என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும், அவர்கள் பேச்சைக் கேட்டா நான் இத்தனை நாள் வாழ்ந்தேன். வக்கீல் தெரிந்த பையன், என்னிடம் படித்தவனின் அண்ணன். கோர்ட்டுக்கு எதிரில் டீக்கடைக்கு மேலே ஆபீஸ். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"நல்ல கேஸ் டீச்சர். காசு கட்டின சீட்ட இன்னொருத்தருக்குக் குடுத்துகிறாங்க. துண்டு போனதுக்குத் தனியா, மன உளைச்சலுக்குத் தனியா கேக்கலாம். நீங்க இன்னா கேக்கறீங்கன்னு சொல்லுங்க, எழுதிடறேன்."

"அந்த ஆள அந்தச் சீட்டுலருந்து எழுப்பணும்" என்றேன்.

அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "டீச்சர், அதுக்கு எந்த கோர்ட்டுலயும் எடம் இல்லியே" என்று மெதுவாகச் சொன்னான். காரியம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். கேஸ் இதுவரை போடவில்லை. இனிமேலும் போடுவேன் என்று தோன்றவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வண்டியை இப்போது ஓட்டுகிறவர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம் தொழில் பழகியவர் இல்லை, வேறு ரூட்டிலிருந்து மாற்றிப் போட்டவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணி, அந்த வீடியோவ நம்ப வண்டில எல்லாரும் பாத்தோம்" என்றார். இவர்களுமா என்று நினைத்தேன்.

"துண்டப் பாத்ததும் எங்களுக்கு வெளங்கிச்சி அண்ணி" என்றார். "வண்டில ஒருத்தரும் சிரிக்கல. நாளிக்குக் காலீல வண்டி வர்ற நேரத்துக்கு ரோட்டாண்ட வாங்க. பொண்ணையும் இட்டுகினு வாங்க."

மறுநாள் விடிந்து வெயில் வந்த நேரத்துக்கு நான், மகள், நாத்தனார் மூன்று பேரும் சாலைக்குப் போனோம். வண்டி வந்து ஓரமாக நின்றது. எஞ்சினை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், சாப்பாட்டுப் பையோடு, சீருடையோடு. பெண்களும் இருந்தார்கள். யாரும் கிட்ட வந்து துக்கம் கேட்கவில்லை. வரிசையாகச் சாலையோரம் நின்றார்கள். கடைசியாக டிரைவர் இறங்கினார். இறங்கும் முன் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, தான் உட்கார்ந்திருந்த சீட்டில் விரித்தார்.

பின்னால் மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று ஹாரன் அடித்தது. "இன்னா அண்ணாத்த, வண்டிய நிப்பாட்டிகினு? டிரைவர் இல்லியா?" என்று ஓட்டி வந்தவன் தலையை நீட்டிக் கேட்டான்.

"ஆளு கீது. சுத்திகினு போ" என்றார் இவர்.

நான் ஏறினேன். ஸ்டியரிங், கியர், கண்ணாடியில் என் வீட்டுக்காரர் கட்டிவிட்ட பாசிமணி, எல்லாம் அப்படியே இருந்தன. சீட்டில் துண்டு. அவருடைய துண்டு இல்லை, வேறு ஒரு மனிதரின் வியர்வை. ஆனாலும் துண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அந்த ஆள் வருவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. சீட்டு வந்தது, துண்டு வந்தது, அதில் யாருமில்லை. அவர் முகமும் வரவில்லை. ஆனால் அவருடைய இடம் காலியாக இருந்தது, வேறு யாரும் அதில் இல்லை. அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. விட்டு அழுதேன்.

அழுது முடித்துப் பார்த்தால், எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். ஷிஃப்டுக்கு நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது. வண்டி கிளம்ப வேண்டும் என்றால் யாராவது அந்தத் துண்டை எடுக்க வேண்டும். டிரைவர் எடுக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

நான் குனிந்து இரண்டு கையாலும் துண்டை எடுத்தேன். "வாங்க, எறங்கலாம். அவங்களுக்கு நேரமாவுது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன்.